ஃபுட்பால் மேனேஜரில் இருபது ஷாட் அடித்தும் தோற்பது ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கால்பந்து அணிக்கு மேனேஜராக இருந்து ஆடும் இந்த கணினி கேமின் 2024 பதிப்பில் நடுத்தர அணி ஒன்றை எடுத்து, 4-3-3 (நாலு டிஃபென்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு) போட்டு, மென்டாலிட்டியை, அதாவது அணியின் ஆட்டப் போக்கை, அட்டாக்கிங்கில் வைத்து, முதல் பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தீர்கள். இப்போது கடைசி இடத்தில் கிடக்கும் அணிகூட வந்து 1-0 என்று அடித்துவிட்டுப் போகிறது. பந்து 68 சதவீதம் உங்களிடம், ஷாட் இருபது, கோல் பூஜ்யம். எந்த டாக்டிக் (ஆட்டத் திட்டம்) போடலாம், கேம் என்னை ஏமாற்றுகிறதா, ஸ்ட்ரைக்கரை விற்றுவிடலாமா என்று மூன்று கேள்வி. எனக்கென்னவோ இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று படுகிறது: திரையில் பதினொரு வட்டத்தை வைத்த பிறகு அதில் எது கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். தயாராக ஒரு டாக்டிக்கை எடுத்து நீட்டினால் அதுவும் பத்து ஆட்டம் ஓடும், பதினோராவதில் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.

நான் இந்த வகை கேமை ஆட ஆரம்பித்தது இதன் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 காலத்தில். அப்போது மைதானமே தெரியாது, ஆட்டம் முழுக்க எழுத்தில் வரும் வர்ணனை மட்டும்தான். 2003ல் மேலிருந்து பார்க்கும் வட்டப் புள்ளிகள் வந்தன, 2009 பதிப்பில் 3டி வந்தது. இத்தனை வருஷத்தில் நான் கெடுத்த அணிகளின் எண்ணிக்கை உங்களைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டத்தைக் கணக்கிட்டு ஓட்டும் மேட்ச் இன்ஜினுக்குள் எந்த எண் எதோடு பெருக்கப்படுகிறது என்பதை நிறுவனம் வெளியே சொன்னதில்லை. அதனால் திரையில் கேமே காட்டுவதையும், நான் ஆடி ஆடி ஊகித்ததையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஏமாற்று விஷயத்தை முடித்துவிடுவோம். இருபது ஷாட் என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் வரும் எக்ஸ்ஜியைப் பாருங்கள். ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்பதன் மதிப்பீடு அது. உங்கள் இருபதும் கூட்டத்துக்கு நடுவிலும் பாக்ஸுக்கு வெளியிலும் அடித்தவை, ஒவ்வொன்றும் 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.0 வருகிறது, ஆனால் இருபதும் உள்ளே போகாமல் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 36 சதவீதம். எதிரணி மூன்றே மூன்று முறை வந்தது, மூன்று தடவையும் கோல்கீப்பர் தனியாக எதிரே நிற்கிறார், ஒவ்வொன்றும் 0.35. அதில் ஒன்றாவது கோலாகும் வாய்ப்பு 73 சதவீதத்துக்கு அருகில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1-0 தோல்வி அடிக்கடி வரத்தான் செய்யும், இதற்கு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆக, பழுது இரண்டு இடத்தில் இருக்கிறது: உங்கள் ஷாட்டுகள் மலிவானவை, அவர்களுடைய மூன்றும் விலை உயர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

உங்கள் அமைப்பை எழுதியிருந்தீர்கள் இல்லையா: இரண்டு பக்கமும் விங்பேக் அட்டாக் (முன்னால் ஏறும் பக்க டிஃபென்டர்), இரண்டு பக்கமும் இன்சைடு ஃபார்வர்டு அட்டாக் (ஓரத்திலிருந்து உள்ளே வெட்டுகிறவர்), நடுவில் அட்வான்ஸ்டு ஃபார்வர்டு (முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர்), இடப்பக்கம் மெட்சாலா அட்டாக் (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட சந்தில் ஏறும் மிட்ஃபீல்டர்), வலப்பக்கம் பாக்ஸ் டு பாக்ஸ் (இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் ஓடும் மிட்ஃபீல்டர்), பின்னால் டீப் லையிங் பிளேமேக்கர் (பின்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவர்), இரண்டு சென்டர்பேக் (நடு டிஃபென்டர்). இந்தப் பெயர்கள்தான் ரோல்; அதோடு வரும் அட்டாக், சப்போர்ட், டிஃபெண்ட் என்பது டியூட்டி, அவர் எவ்வளவு முன்னால் ஏறவேண்டும் என்பது. எண்ணிப் பாருங்கள், ஆறு பேர் அட்டாக் டியூட்டி. பாக்ஸ் டு பாக்ஸும் நேரம் கிடைத்தால் பாக்ஸுக்குள் ஓடுகிறவர்தான், ஆக ஏழு. எல்லாரும் முன்னால் ஓடினால் பந்தை யார் கொடுப்பது? கல்யாண வீட்டில் எல்லாருமே பந்தியில் உட்கார்ந்துவிட்ட கதைதான், பரிமாற ஆள் இல்லை.

உங்கள் அமைப்பை நான் முன்பு சேமித்து வைத்த ஆட்டம் (சேவ்) ஒன்றில் அப்படியே போட்டு ஐந்து ஆட்டம் ஓட்டிப் பார்த்தேன், ஹைலைட்ஸ் இல்லாமல் முழு ஆட்டமாக. மூன்றாவது ஆட்டத்தின் 71வது நிமிடத்தைச் சொல்கிறேன். பந்து இடது இன்சைடு ஃபார்வர்டிடம் வருகிறது. அவர் உள்ளே வெட்டுகிறார், ஆனால் அவர் போக நினைத்த அதே சந்தில் மெட்சாலா ஏற்கனவே நிற்கிறார், கூடவே இரண்டு டிஃபென்டர்களையும் இழுத்து வைத்திருக்கிறார். இடது விங்பேக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். திரும்பிக் கொடுக்கலாம் என்றால் பிளேமேக்கர் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார், ஏனென்றால் பத்து விநாடிக்கு முன் பந்தை வாங்க அங்கேதான் போயிருந்தார். வழியில்லாமல் அடிக்கிறார், காலில் பட்டுத் திரும்புகிறது. அங்கே நிறுத்தினேன். என் ஆட்கள் ஏழு பேர் எதிரணியின் பாக்ஸைச் சுற்றி நிற்கிறார்கள். இடப்பக்கம் நடுக்கோட்டிலிருந்து என் கோல் வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை. எதிரணியின் வலது விங்கர் அந்த வெற்றிடத்தில் நாற்பது மீட்டர் தனியாக ஓடினார், ஒரு சென்டர்பேக் அவரைத் தடுக்க வெளியே போனார், மிச்சமிருந்த ஒருவருக்கு இரண்டு பேரைப் பார்க்கவேண்டிய நிலை. கோல். பிறகு அதே ஆட்டத்தில் இடப்பக்கம் வந்த ஆபத்துகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தால் எல்லாமே ஒரே கோட்டில்தான் வந்திருக்கின்றன. டிஃபென்டரின் பெயருக்கு நேரே ரேட்டிங் சிவப்பில் 6.1 என்று காட்டும், அவரைத் திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்போம். பாவம், அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2024 பதிப்பு வரை, நீங்கள் திரையில் போடும் 4-3-3 என்பது பெரும்பாலும் பந்து எதிரணியிடம் இருக்கும்போது உங்கள் ஆட்கள் நிற்கும் வடிவம். பந்து உங்களிடம் வந்த பிறகு எந்த வடிவம் வரும் என்பதை ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டு பேர் ஒரே 4-3-3ஐப் போட்டு முற்றிலும் வேறு வேறு ஆட்டம் ஆடலாம். நிஜ ஆட்டத்திலும் அப்படித்தான். 1925ல் ஆஃப்சைடு விதி மாறி, முன்னால் மூன்று எதிரணி ஆட்கள் இருக்கவேண்டும் என்பது இரண்டு பேர் போதும் என்று ஆனது. அதையொட்டி மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனலில் நடு ஆளைப் பின்னால் இழுத்து டபிள்யூ-எம் வடிவத்தைப் பரப்பினார், அதாவது 3-2-2-3. இன்றைக்குப் பெரிய அணிகள் காகிதத்தில் 4-3-3 என்று எழுதிவிட்டு, பந்து கையில் இருக்கும்போது நிற்பது 3-2-5. நூறு வருஷம் சுற்றிக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் அந்த 3-2ஐத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

அதனால் டாக்டிக் கட்டும்போது நான் பின்னாலிருந்து ஆரம்பிப்பேன், அதாவது 'பந்தைப் பறிகொடுக்கும் அந்த விநாடியில் யார் யார் பின்னால் இருக்கிறார்கள்' என்ற கேள்வியிலிருந்து. என் கணக்குக்கு ஐந்து பேர் வேண்டும். இரண்டு சென்டர்பேக், முன்னால் ஏறாத ஒரு ஃபுல்பேக் (பக்க டிஃபென்டர்), இடத்தை விட்டு நகராத ஒரு மிட்ஃபீல்டர், ஓரளவு நகர்கிற இன்னொருவர். உங்கள் அணி லீக்கிலேயே பலமானது என்றால் நாலு பேரோடு பிழைத்துக்கொள்ளலாம். மூன்று பேரோடு நீங்கள் எட்டு ஆட்டம் ஜெயித்ததே ஆச்சரியம்.

அப்புறம் ஆட்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் பக்கத்துக்கு மூன்று மூன்று பேராகப் பார்ப்பேன்: ஃபுல்பேக், அவருக்கு உள்பக்கம் மிட்ஃபீல்டர், முன்னால் விங்கர். மூன்று பேரில் ஒருவர் வெளிக்கோட்டில், ஒருவர் உள்சந்தில் (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில்), ஒருவர் பின்னால் காவல். இந்த மூன்று வேலையும் பங்காகிவிட்டால் யார் எதைச் செய்கிறார் என்பது அடுத்த விஷயம். உங்கள் இடப்பக்கத்தில் இரண்டு பேர் உள்சந்தில், ஒருவர் வெளியில், காவலுக்கு ஆளே இல்லை. நானாக இருந்தால் இப்படி மாற்றுவேன். இடது விங்பேக் அட்டாக்காகவே இருக்கட்டும், அவருடைய ஸ்டாமினா 20க்கு 16 என்று சொன்னீர்கள், அதை வீணாக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இன்வெர்ட்டடு விங்கர் சப்போர்ட், அவர் உள்ளே வந்தால் வெளிப்பாதை விங்பேக்குக்குத் திறக்கும். மெட்சாலா இருந்த இடத்தில் கேரிலெரோ, இந்த ரோலில் பேருக்குக்கூட அட்டாக் டியூட்டி கிடையாது, பக்கவாட்டில் நகர்ந்து அடைப்பதுதான் அவர் பிழைப்பு. வலப்பக்கம் ஃபுல்பேக் டிஃபெண்ட். இன்சைடு ஃபார்வர்டு அட்டாக்கை இந்தப் பக்கம் மட்டும் வையுங்கள், அவருக்குப் பந்து கொடுக்க மெட்சாலா சப்போர்ட். வெளிக்கோட்டுக்கு யார் என்று கேட்பீர்கள். மெட்சாலாவே உள்சந்திலிருந்து கொஞ்சம் வெளியே சாயும் ஆள்தான், ஃபார்வர்டு உள்ளே போனதும் அந்த ஓரத்தை அவர் தொட்டுக்கொள்வார். பின்னால் ஆங்கர், இடத்தை விட்டு நகராத அந்த மிட்ஃபீல்டர். பிளேமேக்கர் நல்ல பாஸர் என்றால் அவரை வெளியே உட்கார வைக்காமல் கேரிலெரோ இடத்தில் முயன்று பாருங்கள், ஆனால் டாக்லிங்கும் (பந்தைப் பறிப்பது) வொர்க்ரேட்டும் (ஓயாத உழைப்பு) ஒற்றை இலக்கத்தில் இருந்தால் வேண்டாம். ரோல் பெயர்களைப் பார்த்து மயங்காதீர்கள். ரௌம்டாய்டர் என்பது ஜெர்மன் வீரர் தாமஸ் முல்லர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வார்த்தை, கேமுக்குள் ரோலாகிவிட்டது. கேட்க ஜோராக இருக்கிறது என்பதற்காக அதை எல்லார் தலையிலும் கட்டக்கூடாது. ரோலைத் தொட்டால் அதில் பூட்டி வைத்திருக்கும் கட்டளைகள் தெரியும், அதைப் படியுங்கள், பெயரை மறந்துவிடுங்கள்.

மென்டாலிட்டி பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஏழு படி இருக்கிறது, மேலே போகப் போக அதிக கோல் என்று தோன்றும். உண்மையில் அது எவ்வளவு துணிச்சல் எடுப்பது என்பதற்கான பொத்தான். அதை ஏற்றினால் டெம்போ (ஆட்டத்தின் வேகம்), பாஸின் நீளம், அகலம், டிஃபென்சிவ் லைன் (டிஃபென்டர்கள் நிற்கும் கோடு) எல்லாம் நீங்கள் தொடாமலே கூட ஏறுகின்றன. நீங்கள் அட்டாக்கிங்கில் வைத்து, அதற்கு மேல் டெம்போவையும் உச்சத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள். எதிரணி பத்துப் பேரைப் பாக்ஸுக்குள் அடைத்து நிற்கும்போது உங்கள் ஆட்களுக்கு யோசிக்கவே நேரமில்லை, கிடைத்த இடத்திலிருந்து அடித்துத் தொலைக்கிறார்கள். அந்த 0.05 ஷாட்டுகள் இங்கேதான் பிறக்கின்றன. அடைத்து ஆடும் அணிக்கு எதிராக பேலன்ஸ்டுக்கோ பாசிட்டிவுக்கோ இறக்கி, டெம்போவை நடுவில் வைத்துப் பாருங்கள். கோல் வேண்டும்போது இறக்குவதா என்று கை கூசும், பரவாயில்லை.

டிஃபென்சிவ் லைன் விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன். உங்கள் சென்டர்பேக் இரண்டு பேருக்கும் பேஸ் (ஓட்ட வேகம்) 9, 10 என்று எழுதியிருந்தீர்கள். 20க்கு 9 உள்ளவரை நடுக்கோட்டுக்கு அருகில் நிறுத்தி, பின்னால் முப்பது மீட்டர் காலியாக விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லைனை ஒரு படி இறக்குங்கள். ஆனால் அதை மட்டும் இறக்கிவிட்டு, பிரஸ்ஸிங், அதாவது பந்து வைத்திருப்பவரை நெருக்குவது, தொடங்கும் கோட்டை அதே உயரத்தில் விட்டால் டிஃபென்ஸுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே ஒரு மைதானமே திறந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்தே இறங்கவேண்டும்.

முதல் பத்து ஆட்டத்தில் எட்டு எப்படி ஜெயித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். இங்கேதான் உறுதி குறைகிறது. கேம் உங்கள் டாக்டிக்கைப் படித்துக் கண்டுபிடித்து உடைத்துவிட்டது என்று பலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே அமைப்போடு நாலைந்து சீசன் ஓட்டியிருக்கிறேன். இதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது: சீசன் தொடக்கத்தில் உங்களைச் சாதாரண அணி என்று நினைத்து எதிரணிகள் திறந்து ஆடின, அந்தத் திறப்பில் உங்கள் ஏழு பேரும் புகுந்து விளையாடினார்கள். நீங்கள் மேலே ஏறியதும் அதே அணிகள் உங்களைப் பார்த்துப் பின்வாங்கி அடைத்து நின்று எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தன. ஆட்டத்துக்கு முன் எதிரணியின் மென்டாலிட்டியும் ஃபார்மேஷனும் எப்படி மாறி வந்திருக்கின்றன என்று உங்கள் பழைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தால் இது சரியா என்று நீங்களே முடிவு செய்யலாம். என் ஊகம் சரி என்றுதான் நினைக்கிறேன்.

அதேபோல, வேகம் இருந்தால் போதும், மற்ற குணங்கள் எல்லாம் சும்மா என்று ஒரு கட்சி இருக்கிறது. பேஸும் ஆக்ஸிலரேஷனும் இந்த கேமில் ரொம்பப் பெரிய விஷயம் என்பது என் அனுபவத்திலும் பொய்யாகவில்லை. ஆனால் மற்றதெல்லாம் சும்மா என்கிற பாதியை நான் ஏற்கவில்லை. டிசிஷன்ஸ் 8 உள்ள வேகமான விங்கரை வைத்து ஒரு சீசன் அவதிப்பட்டிருக்கிறேன். எல்லாரையும் முந்திப் போவார், போய் கடைசிப் பாஸை எதிரணியிடமே கொடுப்பார்.

மாற்றங்களைச் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தோற்றதும் ஃபார்மேஷன், மென்டாலிட்டி, நாலு ரோல் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால், அடுத்த ஆட்டம் ஜெயித்தாலும் எதனால் என்று தெரியாது. அதோடு ஆட்களுக்கு டாக்டிக் மேலுள்ள பரிச்சயமும் குறைந்துவிடும், அதற்கான பட்டை கேமிலேயே தெரிகிறது. மேலே நான் சொன்ன இடப்பக்க மாற்றத்தை முதலில் செய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள், ஐந்து ஆட்டம். முதல் இருபது நிமிடத்தை முழு ஆட்டமாகப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் ஹைலைட்ஸுக்குப் போகலாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பந்து போன விநாடியில் நிறுத்திப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுவேன், இடைவேளையில் சராசரி நிலைகளின் படத்தைத் திறந்து இரண்டு ஆட்களின் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஏறியிருந்தால் ஒருவர் வேலை வீண். ஐந்து ஆட்டம் என்பதும் சின்ன எண்ணிக்கைதான், அதனால் ஸ்கோரை விடுங்கள், எக்ஸ்ஜி வித்தியாசத்தைப் பாருங்கள். தோற்றதும் சேவ் ஃபைலை மறுபடி லோடு செய்வது உங்கள் இஷ்டம், நானும் செய்திருக்கிறேன், ஆனால் அப்படிச் செய்தால் சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

2026 பதிப்புக்கு மாறலாமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். 2025 பதிப்பு ரத்தாகி, 2025 நவம்பரில் இது வந்தது. இதில் பந்து இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது ஒரு வடிவம் என்று தனித்தனியாகப் போடலாம், டியூட்டி என்பதே போய்விட்டது. 01/02லும் இதே போல இரண்டு நிலையில் ஆட்களை நகர்த்தி வைக்கும் வசதி இருந்தது, அதனால் எனக்குப் பழைய வீட்டுக்குத் திரும்பின மாதிரி இருக்கிறது. புதிதாக வரும் வம்பு, இரண்டு வடிவத்துக்கும் நடுவே உள்ள தூரம். பந்து இல்லாதபோது இடது ஃபுல்பேக்காக நிற்பவரைப் பந்து வந்ததும் நடு மிட்ஃபீல்டுக்கு அனுப்பலாம், பத்துப் பதினைந்து மீட்டர் நடை. அவரையே எதிர்ப்பக்க விங்குக்கு அனுப்பினால் பந்து போகும் ஒவ்வொரு முறையும் மைதானத்தைக் குறுக்கே கடந்து திரும்பவேண்டும், அதற்குள் கோல் விழுந்திருக்கும்.

ஸ்ட்ரைக்கரை விற்கவேண்டாம், இப்போதைக்கு. ஃபினிஷிங் 15, ஆஃப் தி பால் (பந்து இல்லாதபோது இடம் பிடிப்பது) 14, பேஸ் 14 என்று எழுதியிருக்கிறீர்கள், இவர் வெற்றிடத்துக்குள் ஓடிப் பந்து வாங்குகிற ஆள். இத்தனை நாளாக அவர் நிற்பது ஐந்து டிஃபென்டர்களுக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நடுவில், ஓட இடமே இல்லை. ஃபர்ஸ்ட் டச் (வந்த பந்தைக் கட்டுப்படுத்துவது) 9 என்பதால் நெரிசலில் பந்து வாங்கித் திரும்பவும் அவரால் முடியாது, அதனால் பின்னால் இறங்கிப் பந்து வாங்கும் டீப் லையிங் ஃபார்வர்டாக மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். அட்வான்ஸ்டு ஃபார்வர்டாகவே விட்டு, முன்னால் சொன்னபடி சுற்றியுள்ள கூட்டத்தைக் குறையுங்கள். ஐந்து ஆட்டத்துக்குப் பிறகு அவர் அடித்த ஷாட்டுகளை மட்டும் தனியாக எடுத்து, ஒன்றுக்குச் சராசரி எக்ஸ்ஜி எவ்வளவு என்று பாருங்கள். அது ஏறியும் அவர் அடிக்கவில்லை என்றால் ஜனவரியில் விற்றுவிடுங்கள், நானும் தடுக்கமாட்டேன்.